வீட்டில் எல்லோருக்கும் ஓட்டிசமா?

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் மட்டக்களப்பு ஆரையம்பதியைச் சேர்ந்தவள். வயது 36. இரண்டு பிள்ளைகள். மகனுக்கு எட்டு வயது. நாலு வயதில் அவனுக்கு ஓட்டிசம் என்று உறுதிப்படுத்தினார்கள். பேச்சுச் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் விடாமல் கூட்டிப் போகிறோம். முன்னேற்றம் இருக்கிறது.

என் பிரச்சினை வேறு. மகனைப் பற்றி அறிவதற்காக ஃபோனில் தேடத் தொடங்கிய பிறகு வீட்டில் யாரைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிகிறது. கணவர் ஒரே கோப்பையில்தான் சாப்பிடுவார். கறிகள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. மாரி தொடங்கினால் தினமும் மழையளவை ஒரு கொப்பியில் எழுதுவார். உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்காமலே சொல்லுவார். கல்யாண வீட்டில் சாப்பிட்ட கையோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். இணையத்தில் இருந்த ஐம்பது கேள்விப் பரிசோதனையை இருவரும் செய்தோம். அவருக்கு 33, எனக்கு 27. எனக்கும் கோயிலில் வெடி போட்டால் சின்ன வயதில் இருந்தே உடம்பு பதறும். மகளுக்குப் பதின்மூன்று வயது. சட்டைக் கழுத்தில் உள்ள துணித்துண்டை வெட்டினால்தான் போடுவாள். போன வருடத்தில் இருந்து சிநேகிதிகளின் வீட்டுக்குப் போவதில்லை. பள்ளிக்கூட நாட்களில் காலையில் வயிற்றுவலி என்பாள், வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

மகன் என்ன செய்தாலும் 'அது ஓட்டிசம்' என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. போன மாதம் மூன்று நாளாகத் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அதையும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு பார்த்தால் பல்லில் சீழ்.

இப்போது கணவரும் 'எனக்கும் அதானே, என்னை விடு' என்று சொல்லி, என் தம்பியின் வீடு குடிபூரலுக்கு வரவில்லை. மாமியோ 'எங்கட பக்கத்தில இப்படி ஆரும் இல்ல, மனே' என்று வரும்போதெல்லாம் சொல்லுகிறா. நாங்கள் எல்லோரும் பரிசோதிக்க வேண்டுமா? மாமிக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கு ஓட்டிசம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லுபவர் இருந்தால் அவரை நம்ப வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியவற்றுள் எது கவனத்துக்குரியது, எது சாதாரணமாக விட்டுவிடக் கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியும். அப்படிப் பிரிக்கும்போது உங்கள் கடிதத்தின் வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது. நீங்கள் அதிகமாக எழுதியிருப்பது கணவரைப் பற்றி. எனக்கு அதிகம் யோசனையாக இருப்பது மகளின் வயிற்றுவலியும் மகனின் பல்லும்.

முதலில், உங்கள் சந்தேகம் அர்த்தமற்றது என்று யாராவது சிரித்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓட்டிசம் பெரும்பாலும் பரம்பரையோடு தொடர்புடையது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கல் ரட்டரும் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவில் இருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவில் இருந்து உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இருக்கவில்லை. ஓட்டிசமுள்ள பிள்ளைக்குப் பின் பிறக்கும் தம்பி தங்கையரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருப்பதாக அண்மைக்காலப் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. நோய்நிர்ணயம் செய்யும் அளவுக்குப் போகாமல், அதன் சாயல் சிறிதளவு பெற்றோரிடமோ சகோதரரிடமோ தென்படுவதும் உண்டு. ஆகவே மகனிடம் காணும் ஒன்றைத் தகப்பனிடமும் கண்டேன் என்று நீங்கள் சொல்லும்போது, அது கற்பனை என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் பெற்றோரின் குணங்களைப் பட்டியலிட்டுப் பார்க்கும் இந்த வேலைக்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்துதான் ஓட்டிசம் பற்றிய நவீன மருத்துவப் பேச்சு பரவலாகத் தொடங்கியது. அதில் முதலாவது பிள்ளையின் தகப்பன், மகனைப் பற்றி 33 பக்கங்களில் தட்டச்சுச் செய்த ஒரு கடிதத்தை வைத்தியருக்கு அனுப்பியிருந்தார். மகன் எந்த வயதில் எந்தச் சொல்லைச் சொன்னான், எதைச் சுழற்றினான் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்த விபரம் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே அவ்வளவு துல்லியமாக வந்திருக்காது. அப்படியிருந்தும், இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதைப் பெற்றோர் ஒன்றிலேயே மிகையாக ஊறிப்போவதற்கு அடையாளமாகக் கானர் பார்த்தார், இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் மனக்கனிவுள்ளவர்கள் மிகச் சிலரே என்றும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் வளர்த்து, தாயின் குளிர்ந்த மனந்தான் பிள்ளையை இப்படி ஆக்கியது என்றார்கள். தன் மகனுக்கே ஓட்டிசம் இருந்த பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல், இது மூளையின் வளர்ச்சி சார்ந்த ஒன்று, தாயின் குற்றம் அல்ல என்று சான்றுகளோடு எழுதும் வரையில் எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள். மாமி 'எங்கட பக்கத்தில ஆரும் இல்ல' என்கிறா. அந்த வார்த்தைக்குப் பிறகு, கணவரின் கோப்பையும் மழைக் கொப்பியும் உங்கள் கண்ணில் அதிகமாகப் படத் தொடங்கியிருந்தால் அது இயல்பானதுதான். குடியும் வழியும் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிற எங்கள் பகுதியில், பிள்ளைக்கு ஒன்று என்றால் எந்தப் பக்கத்தால் வந்தது என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் ஒரு பங்கு உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தவறில்லை, ஆனால் அதை மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். ஒரு பழக்கத்தைத் தனியே எடுத்து வைத்து 'இது ஓட்டிசமா?' என்று கேட்டால் அதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் நோய்நிர்ணயம் பழக்கங்களை எண்ணிச் செய்யப்படுவதில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்நிர்ணய வழிகாட்டி நூலின் ஐந்தாவது பதிப்பின்படி, மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்பாடுவதிலும் மூன்று வகைச் சிரமங்கள் சொல்லப்பட்டுள்ளன: மனம்விட்டுக் கொடுத்துவாங்கிப் பேசுவதில் சிரமம், பார்வை, முகபாவம், சைகை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும் புரிந்துகொள்வதிலும் சிரமம், உறவுகளை உருவாக்கித் தக்கவைப்பதில் சிரமம். இந்த மூன்றும் இருக்க வேண்டும். அவற்றோடு, ஒரே அசைவையோ பேச்சையோ திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒன்றிரண்டு விடயங்களில் மிகத் தீவிரமான ஈடுபாடு, சத்தம், தொடுகை, மணம் போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் ஏறக்குறைய இதே வழியில்தான் செல்கிறது.

இந்த அளவுகோலை உங்கள் கணவரின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கோப்பை ஒரு நாள் உடைந்துவிட்டது, அல்லது விருந்தாளிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு கோப்பையை எடுத்து, 'இதில சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்ல' என்று முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனால், அது ஒரு விருப்பம். ஊரில் பாதி வீடுகளில் தகப்பனுக்கென்று ஒரு கோப்பையும் ஒரு கதிரையும் இருக்கின்றன. மாறாக, சோற்றைத் தொடாமல் எழுந்து போய், அந்த நாள் முழுவதும் வேலையில் மனம் ஒட்டாமல் இருந்து, சிறுவயதில் இருந்தே இப்படிப்பட்ட மாற்றங்கள் வரும்போதெல்லாம் அவருடைய நாள் குலைந்து போயிருந்தால், அது வேறு. மழைக் கொப்பியும் அப்படித்தான். வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கான பாதை மூடப்படும் மாவட்டத்தில் இருந்துகொண்டு குளத்தின் நீர்மட்டத்தைக் கவனிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கொப்பியைப் பற்றி நீங்கள் பேச்சை மாற்றினால் அவரால் மாற முடிகிறதா, உங்கள் முகத்தில் சலிப்புத் தெரிந்தால் அவர் நிறுத்துகிறாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. இவற்றை நீங்கள் எழுதவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களில் பலர் தங்கள் சிரமத்தை மறைக்கப் பழகியிருப்பார்கள். கல்யாண வீட்டில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே மனதில் ஒத்திகை பார்த்து, சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் களைத்துக் கிடப்பவரை வெளியில் இருந்து பார்ப்பவர் 'நல்லாப் பழகுறாரே' என்றுதான் சொல்லுவார். அதனால் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் மனிதரைப் பார்த்து, ஓட்டிசம் என்றோ ஓட்டிசம் இல்லை என்றோ நாங்கள் இருவரும் தீர்மானிக்க முடியாது. அங்கே நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது நிறைய இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது ஒரே ஒரு வரிதான்.

33, 27 என்ற எண்களைப் பற்றி. நீங்கள் செய்தது 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஐம்பது கேள்விப் பட்டியலாக இருக்க வேண்டும். அதில் 32 என்ற புள்ளியை ஒரு எல்லையாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஆய்வில் ஓட்டிசமுள்ள வளர்ந்தவர்களில் 80 வீதமானோர் 32 அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். பொதுமக்களில் 2 வீதமானோரே அப்படிப் பெற்றார்கள். கேட்பதற்கு மிகத் தெளிவான பரிசோதனை போலத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறில் ஒருவருக்கு ஓட்டிசம் இருக்கும் ஊரில் ஆயிரம் பேர் இதைச் செய்தால், ஓட்டிசமுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேர் எல்லையைத் தாண்டுவார்கள். மற்ற 990 பேரில் 2 வீதம், அதாவது ஏறத்தாழ 20 பேரும் தாண்டுவார்கள். தாண்டிய 28 பேரில் எட்டுப் பேருக்குத்தான் ஓட்டிசம். மகனுக்கு இருப்பதால் உங்கள் கணவரின் வாய்ப்பு ஊரின் சராசரியைவிடச் சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 33 என்ற எண் ஒரு தீர்ப்பு ஆகாது. அதை உருவாக்கியவர்களும் அதைத் தீர்ப்பாக எழுதவில்லை.

அந்தக் கேள்விகளும் எங்கள் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. நூதனசாலைக்குப் போவதைவிட நாடகம் பார்க்கப் போக விரும்புவீர்களா, விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போக விரும்புவீர்களா என்றெல்லாம் அதில் வரும். ஆரையம்பதியில் ஒருவர் இதற்கு என்ன விடை எழுதினாலும் அதில் இருந்து அவருடைய மனதைப் பற்றி நான் என்ன கண்டுபிடிப்பேன்? பெரியவர் முன்னால் தலை நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணைப் பார்த்து, கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்று குறித்துக்கொள்வதும் இதே வகைத் தவறுதான்.

'இது என்னையே எழுதியது போல இருக்கிறது' என்ற உணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைப் பரிசோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது போல ஒரு குறிப்பைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி இடச் சொன்னபோது சராசரி நாலுக்கு மேல் வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. அதில் இருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்திருந்தார். 'கூட்டத்தில் சில வேளை களைப்படைவீர்கள்', 'சில சத்தங்கள் உங்களை எரிச்சலூட்டும்' என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? ஃபோனில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்த வகை. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிக்டொக்கில் ஓட்டிசம் பற்றித் தகவல் சொல்லி மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட 133 காணொளிகளைச் சரிபார்த்தார்கள். சரியாக இருந்தவை 27 வீதம். 41 வீதம் பிழையானவை. மீதி 32 வீதம், சிலருக்கு உண்மையானதை எல்லோருக்கும் உண்மையாக்கியவை. இந்தக் கடைசி வகைதான் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களைப் பற்றி ஒரே ஒரு விடயம். வெடிச் சத்தத்துக்குச் சின்ன வயதில் இருந்தே உடம்பு பதறும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சின்ன வயது என்பது மட்டக்களப்பில் 1990களின் போர்க்காலம். அந்தக் காலத்தில் இங்கே வளர்ந்த ஒருவருக்கு வெடிச் சத்தம் என்பது திருவிழாச் சத்தம் மட்டும் அல்ல. புலனுணர்வு சார்ந்த கூச்சம் உள்ளவருக்குச் சத்தத்தின் அளவும் தன்மையும் தொல்லை தரும். மிக்ஸி, கைதட்டல், பள்ளிக்கூட மணி எல்லாம் ஒன்றுதான். அச்சத்தின் நினைவு தங்கியிருக்கும் உடம்புக்கோ குறிப்பிட்ட சில சத்தங்கள் மட்டும் பதற்றத்தைக் கொண்டுவரும். அதோடு கெட்ட கனவும், சில இடங்களைத் தவிர்க்கும் பழக்கமும், இரவில் அடிக்கடி விழித்துக்கொள்வதும் சேர்ந்து வரலாம். உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது வகை என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்குப் பயன்தரும் சிகிச்சை இருக்கிறது. அதை ஓட்டிசம் என்று பெயரிட்டு மூடிவிட்டால் அந்தச் சிகிச்சை உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

மகளுக்கு வருவோம். சட்டைக் கழுத்தின் துணித்துண்டை வெட்டுவது எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. கழுத்தில் உறுத்தினால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் போன வருடத்தில் இருந்து சிநேகிதிகளிடம் போகாமை, பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை நான் பொறுத்திருந்து பார்க்கச் சொல்ல மாட்டேன். இதற்கு ஓட்டிசம் ஒரு காரணமாக இருக்கலாம். பெண்பிள்ளைகளிடம் அது பிந்தித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆரம்ப வகுப்புகளில் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள், தரம் எட்டு, ஒன்பதில் சிநேகிதிகளின் பேச்சும் கூட்டும் சிக்கலாகும்போது அந்தச் சமாளிப்புப் போதாமல் போகும். ஆனால் அதே அளவுக்கு, வகுப்பில் யாராவது அவளைக் கிண்டல் செய்து ஒதுக்கியிருக்கலாம். பதற்றமோ மனச்சோர்வோ தொடங்கியிருக்கலாம். மாதவிடாய் வலியாக இருக்கலாம். நீங்கள் நினைத்தும் பார்க்காத ஒருவரின் தொல்லையாகவும் இருக்கலாம். தம்பியின் சிகிச்சைக்கே வீட்டின் நேரம் முழுவதும் போய்விட்ட களைப்பாகவும் இருக்கலாம், அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். 'தம்பிக்கு இருக்கிறதுதான் உனக்கும்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், இவற்றில் எதையும் அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதற்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும்.

அவளோடு தனியாக, மகன் அருகில் இல்லாத நேரத்தில், 'பள்ளிக்கூடத்தில எந்த நேரம் கஷ்டமா இருக்கு, கிளி?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பாசிரியரைச் சந்தித்து இடைவேளையில் அவள் யாரோடு நிற்கிறாள் என்று கேளுங்கள். படிப்பு எப்படி என்று கேட்டால் படிப்பைப் பற்றிய பதில்தான் கிடைக்கும். பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கல்முனை கிட்டவாக இருக்கும். வருவதற்கு முன் பேச வேண்டும் போல இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். அவள் தன்னைத்தானே காயப்படுத்துவதாகவோ, வாழ விருப்பமில்லை என்று சொல்வதாகவோ தெரிந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டி வாருங்கள்.

இனி மகனின் பல். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிகவும் முக்கியமான வரி. ஒருவருக்கு ஒரு நோய்நிர்ணயம் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவருக்கு வருகிற எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் வீட்டில் மட்டும் அல்ல, வைத்தியசாலைகளிலும் இருக்கிறது. உங்கள் மகன் கன்னத்தில் அடித்துக்கொண்டபோது அவன் செய்தது, 'இங்கே நோகிறது' என்று அவனுக்குத் தெரிந்த முறையில் காட்டியது. பேச்சு முழுமையாக வராத பிள்ளை கையைக் கடிப்பது, தலையை முட்டுவது, திடீரென்று உணவை மறுப்பது, வழமைக்கு மாறாக இரவில் விழித்திருப்பது ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்கினால், முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்: வாயைத் திறந்து பல்லும் முரசும், காது, தொண்டை, எத்தனை நாளாக மலம் போகவில்லை, சிறுநீர் கழிக்கும்போது அழுகிறானா, சப்பாத்து இறுக்கமா, உடலில் எங்காவது காயமோ கட்டியோ இருக்கிறதா. மலச்சிக்கலும் நித்திரைக் குழப்பமும் ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுபவை, இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அண்மையில் என்ன மாறியது என்று பாருங்கள்: புதிய ஆசிரியர், பள்ளிக்கூட வானில் வேறு இருக்கை, வீட்டில் விருந்தாளிகள். ஓட்டிசம் என்ற விளக்கம் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் எட்டு வருடமாக இருக்கும் ஒன்று போன செவ்வாய்க்கிழமை தொடங்கியதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அக்காவின் பேனையை ஒளித்துவைத்துவிட்டுச் சிரித்தான் என்றால், அது ஓட்டிசம் அல்ல, குழப்படி. எட்டு வயதுப் பொடியன் குழப்படி செய்யத்தான் வேண்டும். அதற்கு மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவுக்கு அவனுக்கும், அவனுக்கு விளங்கும் வகையில், பேனையைத் திருப்பிக் கொடு என்று சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டால் அவன் எதையும் கற்க இடமில்லாமல் போகும். அக்காவுக்கும் அது நியாயமாகப் படாது.

கணவரின் 'எனக்கும் அதானே, என்னை விடு' என்ற பேச்சைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள். ஆனால் அந்த வார்த்தையை அவர் கையில் கொடுத்தது யார் என்றும் யோசித்துப் பாருங்கள். பல மாதமாக அவருடைய ஒவ்வொரு பழக்கத்துக்கும் நீங்கள் சொல்லிவந்த பெயரை, அவருக்கு வசதியான ஒரு நாளில் அவர் பாவித்துவிட்டார். குடிபூரலுக்குப் போவது அவருக்கு உண்மையில் தாங்க முடியாததாக இருந்ததா, அல்லது மச்சானோடு ஏதாவது மனத்தாங்கலா, அல்லது அன்றைக்குப் போக விருப்பமில்லையா என்பது அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிட்டது. தன் மனைவியின் உறவுகளுக்கு நடுவில், அவர்கள் கண்முன்னால், அவர்கள் வளவில் குடியிருக்கும் ஒருவருக்குச் சற்று விலகி நிற்க வேண்டும் போல இருப்பதற்கு எந்த நோய்நிர்ணயமும் தேவையில்லை. அடுத்த முறை போவதற்கு முன் பேசி முடிவெடுங்கள்: ஒரு மணித்தியாலம் நின்றால் போதும், பந்தலின் ஓரத்தில் இருக்கலாம், மொய் எழுதும் வேலையை அவரிடம் கொடுக்கலாம். கணக்கு எழுதச் சொன்னால் மகிழ்ச்சியாகச் செய்யும் மனிதர் போலத்தான் எனக்குத் தெரிகிறார். இப்படி ஒரு ஒழுங்கைச் செய்துகொள்வதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம், ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே ஒழுங்குதான் உதவும்.

ஆகவே நீங்கள் எல்லோரும் வரிசையில் வந்து பரிசோதிக்கத் தேவையில்லை. மகளைக் கூட்டி வாருங்கள். உங்களுக்குப் பதற்றமும் நித்திரையின்மையும் தொல்லை தந்தால் அதற்காக வாருங்கள். கணவர் விடயத்தில் அவருடைய விருப்பந்தான் முக்கியம். சிறுவயதில் இருந்து பட்ட கஷ்டங்களுக்கு ஒரு விளக்கம் கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்றோ, வேலையிடத்தில் ஏற்படும் சிக்கலுக்கு வழி வேண்டும் என்றோ அவர் நினைத்தால், உளநல வைத்திய நிபுணர் ஒருவரைச் சந்திக்கலாம். நாற்பது வயதில் உறுதிப்படுத்தப்பட்டு, அதனால் தன்னைத் திட்டுவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். மனைவி கூட்டிக்கொண்டு வந்ததால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு இருப்பவரிடம் நாங்கள் அதிகம் அறிந்துகொள்ள முடியாது.

கடைசியாக மாமி. ஓட்டிசத்துக்குப் பின்னால் ஒரு மரபணு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தொடர்புடையவை என்று கண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வேளைகளில் தாயிடமும் தகப்பனிடமும் இருந்து சிறிது சிறிதாக வந்தவை ஒன்றுசேர்கின்றன. சில வேளைகளில் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றம் ஒன்று விந்தணுவிலோ முட்டையிலோ கருவிலோ ஏற்படுகிறது. 'எந்தப் பக்கம் என்று டொக்டர்மாராலேயே சொல்ல முடியாதாம், மாமி' என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலான வேளைகளில் அது உண்மை. ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் கணவர் எப்போதாவது மதிப்பீட்டுக்கு வந்தால், நாங்கள் முதலில் கேட்கப் போவது அவருடைய ஐந்து வயது வரையிலான கதையை. அந்தக் காலத்துக் கிளினிக் அட்டைகளில் எத்தனையோ 2004 சுனாமியில் போய்விட்டன. கையில் இருந்தாலும் நிறையும் தடுப்பூசியுந்தான் அதில் இருக்கும். அந்தக் கதையைச் சொல்லக் கூடியவர் மாமி ஒருவர்தான். அடுத்த முறை அவர் வரும்போது, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குற்றம் தேடும் தொனி இல்லாமல் கேட்டுப் பாருங்கள்: முதல் சொல் எத்தனை வயதில் வந்தது, சொந்தக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினாரா அல்லது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாரா, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எப்படி இருந்தார், எதற்கு அழுதார், எதைக் கொடுத்தால் அழுகை நின்றது.